உள்சுவர்

துளை போடும் மெஷின் மறுபடி உறுமத் தொடங்கியதும் அவள் கணவரின் காதுகள் இரண்டையும் உள்ளங்கைகளால் பொத்தினாள். அவருடைய தலை காய்ந்த சுரைக்காய் மாதிரி கனமே இல்லாமல் கைகளுக்குள் இருந்தது. கண்களை மட்டும் மேலே உருட்டி அவளைப் பார்த்தார். செங்கல் தூள் புகைபோலச் சுழன்று போர்வைமேல் இறங்கிக்கொண்டிருந்தது.

“கொஞ்ச நேரந்தான். பொறுத்துக்குங்க” என்றாள். காதைப் பொத்திக்கொண்டு பேசுகிறோமே என்று பிறகுதான் உறைத்தது.

மகன் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினான். புருவமெல்லாம் தூள். “இன்னும் ரெண்டு துளைதாம்மா. அப்புறம் பெரிய சத்தம் இருக்காது. போர்டை மாட்டி ஸ்க்ரூ போடறதுதான்.”

“சரிடா. சீக்கிரம் முடி.”

நகரத்தில் அலுவலகங்களுக்குத் தடுப்பறை போட்டுத் தருவது அவன் தொழில். ஒரு நாள் கொடுத்தால் மைதானத்தையே அறை அறையாகக் கூறுபோட்டுவிடுவான் என்று அவனிடம் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். நேற்று போனில் அவள் விஷயத்தைச் சொன்னாள். “அப்பா ஒத்துக்கிட்டாரா?” என்று மட்டும் கேட்டான். விடியும்போது வாசலில் வேன் நின்றது. உள்ளே இரும்புச் சட்டங்கள், வெள்ளைப் போர்டுகள், தாழ்ப்பாளோடு ஒரு கதவு.

அந்த வீட்டுக்குள் போடப்பட்ட முதல் சுவர் அது.

வீடு என்று சொன்னாலும் அது பள்ளிக்கூடம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம். ஊரில் பிள்ளைகள் குறைந்து, கடைசியில் வாத்தியாரும் பள்ளிக்கூட மணியும் மட்டும் மிஞ்சியபோது இழுத்து மூடினார்கள். பழமையான கட்டடம் என்று அரசாங்கம் குறித்து வைத்திருந்ததால் வெளிப்பக்கம் ஒரு கல்லைக்கூட மாற்றக் கூடாது, வாசலுக்கு மேலே வெட்டிய ‘ஆரம்பப் பாடசாலை’ என்ற எழுத்தை அழிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் விற்றார்கள். அதனால் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே வந்துவிடுவார்கள். அவர் சிரிக்காமல், “சீட்டெல்லாம் முடிஞ்சுபோச்சு. என் பிள்ளைங்க ரெண்டுமே இன்னும் பாஸாகல” என்பார். தேர்தல் நாளில் பழக்கதோஷத்தில் நாலு கிழவர்கள் வாசலில் வரிசை கட்டி நிற்பதும் உண்டு. அவர் அவர்களுக்கு டீ கொடுத்து, ஓட்டுச்சாவடிக்கு வழி சொல்லி அனுப்புவார்.

உள்ளே ஒரே கூடம். இந்தக் கோடியில் வாசல், அந்தக் கோடியில் வாத்தியார் நிற்கும் மேடை, மேடைக்குப் பின்னால் சுவரோடு சுவராகப் பூசிய கரும்பலகை. நடுவில் குடும்பம். அலமாரிதான் சுவர், துணிதான் கதவு. குளியலறை மட்டும் பின்னால் தனியாக இருந்தது. இங்கே பெருமூச்சு விட்டால் அங்கே கேட்கும். அவள் துணி தைப்பவள். அளவு கொடுக்க வரும் பெண்களை அலமாரிக்குப் பின்னால் நிறுத்தி, “கையைத் தூக்குங்க” என்று கிசுகிசுப்பாள். மேடைமேலிருந்து அவர், “எனக்கு ஒண்ணும் கேக்கல, நீங்க பேசுங்க” என்று கத்துவார். வந்தவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வந்த நாளிலிருந்து கேட்டாள். ஒரே ஒரு அறை. கதவு வைத்து ஒரு அறை.

“அப்படி பொட்டி பொட்டியா அடைச்சுக்கணும்னா டவுன்லயே இருந்திருக்கலாமே. நான் எதுக்கு இதை வாங்கினேன்?” என்பார்.

பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர் அவர். ஊரில் அவருக்குப் பெயரே லிஃப்ட்காரர்தான். முக்காலியில் உட்கார்ந்து, ஆளைப் பார்த்து, “எந்த மாடி?” என்று கேட்டே வாழ்க்கை ஓடியது. “அங்க கதவு திறந்தா மூஞ்சிக்கு நேரா மூஞ்சி. அழுதுக்கிட்டு வர்றானா, அடிக்க வர்றானான்னு யோசிக்கறதுக்குள்ள உள்ள வந்துடுவான். இங்க பாரு, வாசல்ல நுழையற ஆள் என்கிட்ட வந்து சேரறதுக்குள்ள அவனுக்கு என்ன வேணும்னு நான் சொல்லிடுவேன்” என்பார். மேடையின் மூலையில் வாசலைப் பார்த்தபடி கட்டிலைப் போட்டுக்கொண்டது அதற்குத்தான்.

மகன் பெரியவனானதும் ஒரு நாள் இரண்டு அலமாரிகளை இழுத்துப் போட்டு, மூலையில் தனக்கென்று அறைபோல ஒன்று செய்துகொண்டான். வேலை முடிந்து வந்த அவர் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டையும் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தார். தரையில் கால்கள் இழுபட்ட கீறல் இன்னும் இருக்கிறது. அப்பனும் மகனும் அதோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். படிப்பு முடிந்த கையோடு அவன் நகரத்துக்குப் போனான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், வந்தாலும் வேனிலேயே தூங்குவான்.

இப்போது அவன் கட்டிலைச் சுற்றிச் சட்டம் நிறுத்திக்கொண்டிருந்தான். மெஷின் ஓய்ந்ததும் அவள் கைகளை எடுத்தாள்.

“வலிக்குதா?”

அவர் தலையை அசைத்தார். ஆமாமா இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அசைவு.

ஆஸ்பத்திரியில் இனி வைத்துப் பயனில்லை என்று அனுப்பிய பிறகு, பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை. பாடசாலைக்கு யாரும் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. போன வாரம் அவருக்குத் துடைத்துவிட்டு உள்ளாடை மாற்றிக்கொண்டிருந்தபோது காற்றில் திரைத்துணி தூக்கிக்கொண்டது. தபால்காரர் வாசலுக்குள் நின்றுகொண்டிருந்தார். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உடனே திரும்பிப் போய்விட்டார், நல்ல மனிதர். ஆனால் இவர் முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு பொழுது சாயும்வரை யாருடனும் பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“ஒரு தடுப்பு போடச் சொல்லட்டுமா?”

அவர் நெடுநேரம் அவளையே பார்த்தார். “உன் இஷ்டம்” என்றார்.

கல்யாணமானதிலிருந்து அவர் வாயில் அவள் கேட்டிராத வார்த்தை. சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு நின்றவளுக்கு எதிரே ஆளில்லாமல் போனமாதிரி இருந்தது. வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். பழையபடி கத்தியிருக்கலாம்.

மகள் வந்து சேர்ந்தபோது போர்டுகள் ஏறிவிட்டிருந்தன. டவுனில் மருந்துக்கடையில் வேலை. லீவு சொல்லிவிட்டு, மாத்திரைகள் வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். கூடத்தின் மறுகோடியில் அப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி.

“என்ன இது?”

அவள் நடந்து வரும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அந்தத் தரையில்தான் அவள் சைக்கிள் கற்றுக்கொண்டாள். அவர் மேடையிலிருந்து, “வளை, வளை, அம்மா மெஷின்ல மோதாதே” என்று கத்திக்கொண்டே இருப்பார்.

“அம்மா, உன்னைத்தான் கேக்கறேன். என்ன இது?”

“அப்பாவுக்கு ஒரு மறைவு வேணாமா? துடைக்கணும், மாத்தணும்…”

“ஒரு ஸ்கிரீன் வாங்கி நிறுத்தினா போதாதா? நான் கடையிலிருந்து எடுத்துட்டு வந்திருப்பேனே.” குரல் உடைந்தது. “அவர் வேணாம் வேணாம்னு சொன்னதைத்தானே செஞ்சிருக்கீங்க ரெண்டு பேரும்? அவர் போற வரைக்கும்கூடப் பொறுக்க முடியலியா?”

“அப்பாவுக்குக் கேக்கும்டி.”

“கேக்கட்டும். இந்த வீட்டுல எது கேக்காம இருந்திருக்கு?”

மகன் ஸ்க்ரூ முடுக்குவதை நிறுத்தினான். “நீ கல்யாணமாகி தனி ரூம் இருக்கற வீட்டுக்குப் போயிட்ட. உனக்கு என்ன தெரியும்? அம்மா அழணும்னாகூட பாத்ரூமுக்குத்தான் போகணும். அது தெரியுமா உனக்கு?”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் என்ன. இந்தக் கூடத்தில் வளர்ந்தவன்தானே.

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மாத்திரைப் பையைத் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். அப்பாவிடம்கூடப் போகவில்லை.

மத்தியானத்துக்குள் அறை தயாராகிவிட்டது. மேலேயும் போர்டு போட்டு மூடியிருந்தான். “மேல திறந்திருந்தா சத்தம் வரும்மா. ஜன்னல் நாளைக்கு வெட்டித் தரேன். இப்போதைக்கு லைட் போதும்.” ஒரு வெள்ளை விளக்கைக் கூரையில் மாட்டினான். கதவைத் திறந்து மூடிக் காட்டினான். தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி விழுந்தது. வேலையில் அவனுக்கிருந்த பெருமையை முகத்தில் மறைக்கத் தெரியவில்லை. அப்பாவிடம் ஏதோ கேட்கப்போகிறவன்போல் கட்டிலருகே போய் நின்றான். அவர் கண்ணை மூடியிருந்தார். அவன் போர்வையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு வெளியே போனான்.

அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

சத்தம் சட்டென்று நின்றது. பின்கட்டில் தண்ணீர் சொட்டுவதும், ரோட்டில் போகும் டிராக்டரும், மகள் மூக்கை உறிஞ்சுவதும் எல்லாம் அறுந்துபோயின. அவர் மூச்சும் அவள் மூச்சும்தான். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உடம்பு முழுக்க ஒரு சுகம் இறங்கியது. வெயிலில் நடந்து வந்து தண்ணீர் குடித்தது மாதிரி. சாகக்கிடக்கிறவர் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு சுகமா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அது போகவில்லை.

இந்த மாதிரி ஒரு நேரம் கிடைத்தால் சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். கத்திச் சொல்ல வேண்டியவை இருந்தன. காதோடு சொல்ல வேண்டியவையும் இருந்தன. பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா, பக்கத்து வீட்டு அம்மாள் போய்விட்டாளா என்று பார்த்துப் பார்த்து விழுங்கியவை. இப்போது கதவு சாத்தியிருக்கிறது. யாருக்கும் கேட்காது. அவள் வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

“தண்ணி வேணுமா?” என்று கேட்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். கூரை விளக்கைப் பார்த்தார். பக்கத்துச் சுவரைப் பார்த்தார். மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

“எந்த மாடி?” என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். கிண்டல் பண்ணும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று இருந்தது. “பத்தாவது மாடி. அழுத்துங்க.”

அவர் சிரிக்கவில்லை. “எந்த மாடிங்க?” என்றார் மறுபடியும். அந்த ‘ங்க’தான் அவளை உலுக்கியது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கேட்கும் மரியாதை. கை போர்வையை விட்டு வெளியே வந்தது. விரல்கள் வெள்ளைச் சுவரில் எதையோ தேடின. ஒரு இடத்தில் அழுத்தின. சற்று மேலே போய் மறுபடி அழுத்தின.

“என்னங்க. நான்தான். வீட்ல இருக்கோம்.”

“போக மாட்டேங்குது” என்றார். மூச்சு வாங்கியது. “நின்னுபோச்சு.”

“எதுவும் நிக்கல. இங்க பாருங்க, என்னைப் பாருங்க.”

அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த பார்வையில் அவள் இல்லை. கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இவ்வளவு பலம் அந்தக் கையில் எங்கிருந்து வந்தது?

“பயப்படாதீங்கம்மா. கரண்ட் போயிருக்கு, அவ்வளவுதான். வெளிய ஆளுங்க இருக்காங்க. இதோ திறந்துடுவாங்க.” ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சைத் தேடினார். “நீங்க மூச்சை விடுங்க. மெதுவா. என் கையைப் பிடிச்சுக்குங்க. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போக மாட்டேன்…”

சொல்லிக்கொண்டே மறுகையால் சுவரைத் தட்டத் தொடங்கினார். முதலில் மெதுவாக. பிறகு முஷ்டியால். “டேய்! யாராவது இருக்கீங்களா? ஸ்ட்ரெச்சர் இருக்குடா உள்ள! கதவைத் திறங்கடா!”

அவளுக்கு எப்போதோ நடந்தது நினைவுக்கு வந்தது. டவுனில் ஒண்டுக் குடித்தனம் இருந்த காலம். ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவர் சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டதற்கு, “லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு” என்றார். உள்ளே யாராவது இருந்தார்களா என்றாள். “பேஷன்ட்டா வந்த ஒரு அம்மா” என்றார். அப்புறம் என்ன ஆயிற்று என்று அவள் கேட்க இருந்தாள். அடுப்பில் பால் பொங்கியதோ, குழந்தை அழுததோ, எழுந்து போய்விட்டாள். அவரும் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான், ஊருக்கு வெளியே ஒரு பழைய பள்ளிக்கூடம் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதாக வந்து சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு இத்தனை காலத்தில் ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. இதுதான் காரணமா என்று இனிமேல் கேட்கவும் முடியாது.

அவர் பிடியை விடவில்லை. அவள் மறுகையை நீட்டித் தாழ்ப்பாளைத் திறந்து, காலால் கதவைத் தள்ளினாள். திறந்த கதவு வழியே பக்கத்திலிருந்த அலமாரியின் முதுகுதான் தெரிந்தது. வாசல் தெரியவில்லை.

“டேய்! இதைப் பிரி!”

மகன் ஓடிவந்தான். பூச்சுப் பசை கையில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. “என்னம்மா?”

“பிரிடா. இந்தச் சுவரை. வாசல் பக்கம் இருக்கறதை.”

“அம்மா, இப்பத்தானே…”

“சொன்னதைச் செய்டா!” கூடம் அதிர்ந்தது. அந்தக் குரலை அவளே கேட்டதில்லை.

அவன் ஒரு கணம் நின்றான். அவர் சுவரைத் தட்டும் சத்தம் உள்ளிருந்து கேட்டது, தொம் தொம்மென்று. அவன் முகம் மாறியது. மெஷினை எடுத்தான்.

முடுக்கியதைவிடக் கழற்றுவது சீக்கிரம். ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உருண்டன. போர்டு சாயத் தொடங்கியதும் அவன் ஒருகையால் தாங்கப் பார்த்தான், முடியவில்லை. எப்போது எழுந்து வந்தாளோ, மகள் மறுபக்கம் பிடித்துக்கொண்டாள்.

“தூக்குண்ணா. நான் பிடிச்சுக்கறேன்.”

“கனம். விரல் நசுங்கிடும், கீழ பிடி.”

இருவரும் பக்கவாட்டில் நகர்த்தியபோது, பெரிய ஜன்னல்களின் வெளிச்சம் முழுவதும் ஒன்றாகக் கட்டில்மேல் விழுந்தது. அவர் கண்ணைச் சுருக்கினார். தட்டிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. அந்தக் கோடியில் வாசல் திறந்திருந்தது. கோழிப்பண்ணைக்காரர், வழக்கம்போல் கதவைத் தட்டாமல், கையில் முட்டைப் பொட்டலத்தோடு நின்று, நடப்பது புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலில் கிடந்தவர் அந்தத் தூரத்தையே பார்த்தார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்து, அவளைப் பக்குவமாக முன்னால் தள்ளிவிடுவதுபோல ஒருமுறை அசைந்தன.

“இறங்கிக்குங்க” என்றார்.

“சரிங்க” என்றாள்.

பிள்ளைகள் அடுத்த போர்டுக்குப் போயிருந்தார்கள். மகன் ஸ்க்ரூவைக் கழற்ற, மகள் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். “அண்ணா, மெதுவா. மேல இருக்கறது விழுந்துடப்போகுது.” “விழாது. நான் போட்டது.” “ஆமா, பெரிய இன்ஜினியர்.” “நீ பேசாம பிடி.” சிறுவயதில் இதே கூடத்தில் இதே குரலில் அடித்துக்கொண்டவர்கள்.

அவள் அவரைப் பார்த்தாள். கண்கள் வாசல் பக்கமே திறந்திருந்தன. மார்பு இறங்கியிருந்தது. ஏறும் என்று காத்திருந்தாள். போர்வையின் மடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது ஏறவில்லை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அவர்கள் அந்தப் போர்டையும் தூக்கிக் கரும்பலகையில் சாய்க்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, இது போதுமா? கூரையையும் எடுக்கட்டுமா?” என்று மகன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

அப்புறம்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தைக் கண்டதும் அவன் மெஷினைக் கீழே வைத்தான்.

மறுநாள் காலையில் ஊரே வந்தது. அந்தக் கூடம் எவ்வளவு பேரைக் கொள்ளும் என்பதை அவள் அன்றுதான் கண்டாள். அங்கே படித்த கிழவர்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்த துப்புரவுக்காரப் பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். வந்தவர்கள் வாசலிலிருந்து அவர் படுத்திருந்த மேடைவரை அவ்வளவு நீளத்தையும் நடந்தே ஆகவேண்டியிருந்தது. நடக்க நடக்க அவர்கள் முகம் மாறுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் அழுகை வந்து நின்றவர்களும் இருந்தார்கள். கூரையையும் கதவையும் விடியுமுன்னே மகன் பிரித்துவிட்டிருந்தான். கட்டிலைச் சுற்றி இரும்புச் சட்டங்கள் மட்டும் வெறுமனே நின்றன. கழற்றினால் சுவர் பெயரும் என்று விட்டுவைத்திருந்தான்.

வாசல் பக்கம் யாரோ ஒரு பெண் பக்கத்திலிருப்பவளிடம் குனிந்து பேசினாள். ஊருக்குப் பழகியவர்கள் அந்த வீட்டில் ரகசியம் பேசமாட்டார்கள். இவள் புதியவள்.

“உயிர் போறப்ப வீட்டை இடிச்சுக் கட்டிக்கிட்டு இருந்தாங்களாம். அந்த மனுஷன் கத்தினாராம். என்ன ஜன்மங்களோ.”

சொல் பிசகாமல் மேடைவரை வந்தது. மகனுக்கும் கேட்டது. சட்டத்தைப் பிடித்தபடி நின்றிருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். பசை காய்ந்த நகத்தை இன்னொரு நகத்தால் சுரண்டினான். அவளுக்கு எழுந்து போய்ப் பதில் சொல்லவேண்டும் போலிருந்தது. என்ன பதில்? அந்தப் பெண் சொன்னதில் பொய் ஏது?

மகள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை, திரும்பவும் இல்லை. சாதாரணக் குரலில், எல்லாருக்கும் கேட்கும் என்று தெரிந்தே சொன்னாள்.

“எங்கப்பா கேட்டுத்தான் போட்டோம். அண்ணன் கையால ஒரு ரூம் வேணும்னார்.”

மகன் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். அவள் போர்வையின் ஓரத்தை இழுத்து அப்பாவின் பாதங்களை மூடிக்கொண்டிருந்தாள்.

எடுத்துக்கொண்டு போய், எல்லாம் முடிந்து அவர்கள் திரும்பியபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. யாரோ கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத்தரை முழுக்க ஜன்னல்கள் நீள நீளமாக விழுந்துகிடந்தன. அக்கம்பக்கத்தார் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை யாரும் தொடவில்லை. அவள் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தாள்.

வந்தபோது மகன் கூடத்தின் நட்ட நடுவில் ஒரு பாயைப் போட்டுப் படுத்திருந்தான். வேனுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், வாயை லேசாகத் திறந்துகொண்டு, கைகால்களை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மேற்கு ஜன்னலின் வெயில் நேராக அவன் முகத்தில் அடித்தது. இமைகள் துடித்தன. புரண்டால் விழித்துவிடுவான்.

அந்த ஜன்னல் எட்டாத உயரம். அவள் அவனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்றாள். நிழல் அவன் நெற்றியிலும் கண்களிலும் விழுந்தது. கன்னமும் கழுத்தும் இன்னும் வெயிலில் இருந்தன. அவள் அசையாமல் நின்றாள்.

மகள் டீ டம்ளர்களோடு வந்தாள். அம்மா ஏன் அங்கே நிற்கிறாள் என்று முதலில் புரியவில்லை. பிறகு தரையைப் பார்த்தாள். டம்ளர்களைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு, வந்து அம்மாவின் தோளோடு தோளாக நின்றுகொண்டாள்.